உப்புத் தண்ணீருக்கு உப்பா?

பத்தமடை என்றதும் உங்களுக்குப் பாய்தான் நினைவுக்கு வரும். பட்டுப் போல் வழவழவென்று, மணமக்கள் பெயரையும் சேர்த்து நெய்து, கல்யாணச் சீரோடு அனுப்புகிறார்களே, அந்தக் கோரைப் பாய். எனக்கு மட்டும் இப்போது பத்தமடை என்றால் ஒரு வெள்ளைப் பெட்டி நினைவுக்கு வருகிறது. என் அத்தை வீட்டு அடுக்களையில், ஜன்னலுக்குக் கீழே இடுப்பளவு உயரத்தில் நின்றுகொண்டு, நடுநடுவே களகளவென்று சத்தம் போடுகிற பெட்டி. பாத்திரம் தேய்க்கும் யந்திரம்!

"பத்தமடையிலா?" என்று சிரிக்காதீர்கள். 2020-ம் வருஷம் மார்ச் 25-ந் தேதி ஊரடங்கு வந்து, வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் வர முடியாமல் போனார்களே, அப்போது பட்டணத்து வீடுகளில் இந்த யந்திரத்துக்கு ஏற்பட்ட கிராக்கி கொஞ்ச நஞ்சமல்ல. பெங்களூரில் இருக்கும் அத்தை மகனும் அப்போதுதான் வாங்கினான். பிறகு வீடு மாறும்போது, "அம்மாவுக்கு உபயோகப்படட்டும்" என்று லாரியில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டான்.

அனுப்பியதற்குக் காரணம் இருந்தது. அத்தைக்குக் கை விரல்களின் இடுக்கில் வெடிப்பு. சோப்புத் தண்ணீர் பட்டால் எரிச்சல். இரவில் தூக்கம் இல்லை. களிம்பு எழுதிக் கொடுத்த டாக்டர், "இனிமேல் பாத்திரம் தேய்க்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொல்வதற்கென்ன, சுலபம்தான். மூன்று வேளைப் பாத்திரமும் தானாகவா எழுந்து போய்க் குளிக்கும்? அதற்காகத்தான் யந்திரம்.

ஆனால் தை மாதம் நான் போய்ப் பார்த்தபோது அத்தையின் விரல்கள் முன்னைவிட மோசமாக இருந்தன. விசாரித்தால் விஷயம் இதுதான்: யந்திரத்தை நம்பாமல் முதலில் ஒரு தடவை நன்றாகத் தேய்த்து, பிறகு உள்ளே அடுக்குகிறாள். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால், டம்ளர், தட்டு, கிண்ணம் எல்லாவற்றின் மேலும் கோலமாவு தூவியது போல வெள்ளை. சிலவற்றில் சோற்றுப் பருக்கை வேறு. ஆகவே வெளியே எடுத்து இன்னொரு தடவை தேய்க்கிறாள்.

"இது யந்திரம் இல்லட்டி, இன்னொரு மாமியார். நான் செஞ்ச வேலையையே திருப்பிச் செய்யச் சொல்லுது" என்றாள்.

பழுது பார்க்க ஒருவர் வந்து போயிருந்தார். மோட்டாருக்கு வேகம் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லி, ஐந்து இலக்கத்தை நெருங்கிய ஒரு தொகையையும் எழுதிக் கொடுத்திருந்தார். மகனோ போனில், "பழைய சாமானுக்குப் போட்டுவிடு அம்மா" என்கிறான். அத்தைக்கு அதற்கும் மனம் வரவில்லை. "கதவு இறுக்கமா மூடுது. வத்தல், வடகம் போட்டு வைக்கலாம். எலி ஏறாது" என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளை பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் போகவில்லை. எலுமிச்சம் பழத்தை நறுக்கி, ஒரு மூடியால் அந்த வெள்ளையின் மேல் தேய்த்து, சற்று விட்டுக் கழுவினேன். டம்ளர் பளிச்சென்று ஆகிவிட்டது!

சகோதரிகளே, இந்த எலுமிச்சம் பழப் பரீட்சையை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். புளிப்புப் பட்டதும் வெள்ளை கரைந்தால் அது அழுக்கே அல்ல. சுண்ணாம்பு. பாத்திரத்தில் இருந்து போகாமல் நின்றது அல்ல, தண்ணீரில் இருந்து வந்து உட்கார்ந்தது. புளிப்புப் போட்டும் போகாமல் கண்ணாடி மங்கலாகவே இருந்தால் அது வேறு நோய். கண்ணாடியே அரிக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். அதற்கு மருந்து கிடையாது. அத்தை வீட்டு டம்ளர்கள் பிழைத்தவை.

சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? அத்தை வீட்டில் இரண்டு தண்ணீர் உண்டு. முற்றத்துக் குழாயில் குறிப்பிட்ட நேரத்தில் வருவது தாமிரபரணித் தண்ணீர். அது 'நல்ல தண்ணி'. பொதிகை மலையில் பெய்த மழை பாறையில் வழிந்து ஓடி வருவதால் அதில் சுண்ணாம்பு மிகவும் கொஞ்சம். மாடித் தொட்டியில் ஏறுவது போர் தண்ணீர். அது 'உப்புத் தண்ணி'. பூமிக்குள் கல்லிடுக்கில் வெகுகாலம் கிடந்து, அங்கே உள்ளதையெல்லாம் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. திருநெல்வேலிச் சீமையில் சுண்ணாம்புக்கா பஞ்சம்? பக்கத்துத் தாழையூத்தில் சுண்ணாம்புக் கல்லை வெட்டித்தானே 1949-லிருந்து சிமெண்டு செய்கிறார்கள்!

எந்தத் தண்ணீர் எதற்கு என்பதை அத்தைக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. போர் தண்ணீரில் துவரம் பருப்பைப் போட்டால் உருண்டை உருண்டையாக நிற்கும், குழையாது. சோப்பு நுரைக்காது, திரிதிரியாகப் போகும். அதனால் பருப்புக்கும் காப்பிக்கும் முற்றத்துக் குழாய். குளிக்கவும் துவைக்கவும் மாடித் தொட்டி. இந்த ஊரில் கோரையை ஓடுகிற தண்ணீரில் நாட்கணக்காக ஊறப் போட்டுத்தான் பாய் முடைகிறார்கள். தண்ணீரின் குணம் அறிந்த ஊர். ஆனால் யந்திரத்தைப் பொருத்த வந்தவர் இதையெல்லாம் கேட்டாரா? கையெட்டும் தூரத்தில் இருந்த குழாயில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். அது மாடித் தொட்டிக் குழாய்.

பெங்களூரில் இதே யந்திரம், இதே தட்டுகள், இதே மாத்திரை. அங்கே ஒரு குறையும் இல்லை. அவன் வீட்டுக் குழாயில் வந்தது காவிரித் தண்ணீர். மாறியது தண்ணீர் ஒன்றுதான் என்றால், மோட்டாரை ஏன் சந்தேகிக்க வேண்டும்?

இப்போது யந்திரத்தின் நெற்றியைக் கவனித்தேன். பொத்தான்களின் வரிசையில் ஓரிடத்தில் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

"இது என்ன அத்தை, யந்திரத்துக்குப் பொட்டு?"

"அந்த இடத்துல ஒரு விளக்கு ராத்திரி பகலா எரிஞ்சிக்கிட்டே கெடந்துச்சு. கண்ணை உறுத்துச்சு. அதான் ஒட்டிட்டேன்."

பொட்டை எடுத்தேன். உள்ளே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. உப்புத் தீர்ந்துவிட்டது என்பதைச் சொல்கிற விளக்கு அது. யந்திரம் தன் வியாதியைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது, வாயை மூடிவிட்டோம்.

"இதுக்கு உப்புப் போடணும் அத்தை. ஒரு கிலோவுக்கு மேலேயே வேணும்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏட்டி, உனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா? இருக்குத தண்ணியே உப்புத் தண்ணி. அதுல நான் போய் உப்பைக் கொட்டவா?"

நியாயமான கேள்விதானே? நம் பாஷையில் வந்த சங்கடம் இது. கிணற்று நீர் கரித்தாலும் உப்புத் தண்ணீர் என்கிறோம்; சுண்ணாம்பு மிகுந்து நுரைக்காமல் போனாலும் உப்புத் தண்ணீர் என்கிறோம். யந்திரத்துக்குப் பகை சுண்ணாம்பும் அதன் கூட்டாளியான மக்னீசியமும்தான். சாதாரண உப்பில் உள்ள சோடியம் அல்ல.

யந்திரத்தின் வயிற்றுக்குள் ஒரு அறையில் ஜவ்வரிசி போலச் சின்னச் சின்ன மணிகள் நிரப்பியிருக்கிறார்கள். உள்ளே வருகிற தண்ணீர் அந்த மணிகளின் ஊடேதான் போக வேண்டும். போகும்போது சுண்ணாம்பு மணிகளில் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் மட்டும் மெதுவான நீராகப் பாத்திரத்துக்குப் போகும். கல்யாணப் பந்தி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். எல்லா இலையிலும் ஆள் உட்கார்ந்துவிட்டால் அடுத்து வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? அடுக்களை வரைக்கும் நுழைந்துவிடுவார்கள்! முதல் பந்தியை எழுப்பி, இலை எடுத்து, அடுத்த பந்திக்கு இடம் செய்கிற ஆசாமிதான் உப்பு. கனத்த உப்புக் கரைசல் மணிகளின் மேல் ஓடும்போது, பிடித்து வைத்த சுண்ணாம்பு விட்டுப் போய்க் கழிவுத் தண்ணீரோடு வெளியேறுகிறது. இந்த உப்புப் பாத்திரத்தின் மேல் படுவதே இல்லை. அத்தை வீட்டில் உப்பு இல்லாமல் மாதக்கணக்காக முதல் பந்தியே எழுந்திருக்கவில்லை.

மகன் ஏன் உப்பு வாங்கித் தரவில்லை? 'எல்லாம் ஒன்றில்' என்று விற்கிறார்களே, அந்த மாத்திரையை அனுப்பியிருந்தான். அதிலேயே உப்பின் வேலையும் அடக்கம். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் கடினத்தன்மை சுமார் 370 மில்லிகிராமுக்கு மேல் போனால் மாத்திரையோடு உப்பும் வேண்டும் என்று கைப்புத்தகங்களிலேயே போட்டிருக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணயம் குடிதண்ணீரில் 200 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது என்றும், வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. போர் தண்ணீர் பல ஊர்களில் அந்த 600-ஐயும் தாண்டி நிற்பதுண்டு. காவிரிக்குப் போதுமான மாத்திரை அதற்கு எம்மாத்திரம்?

உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதிக்கக் கடையில் காகிதப் பட்டைகள் கிடைக்கின்றன. தண்ணீரில் நனைத்தால் நிறம் மாறி அளவைக் காட்டும். பேனா மாதிரி ஒரு கருவியைத் தண்ணீரில் நீட்டி எண் சொல்கிறார்களே, அது கரைந்த உப்புக்கள் எல்லாவற்றின் மொத்தக் கணக்கு. கடினத்தன்மை மட்டும் அல்ல. கிடைத்த அளவை யந்திரத்தில் பதிய வேண்டும். சில யந்திரங்கள் ஜெர்மன் டிகிரியில் கேட்கும். மில்லிகிராம் கணக்கை 17.8-ஆல் வகுத்தால் அந்த டிகிரி. அத்தை வீட்டு யந்திரத்தில் அது பெங்களூருக்கு வைத்தபடியே அடிமட்டத்தில் இருந்தது. உப்பை மட்டும் கொட்டிவிட்டு இதை மாற்றாமல் விட்டால் பாதி வைத்தியம்தான்.

உப்பு என்றால் சாம்பாருக்குப் போடும் தூள் உப்பு அல்ல. அதில் அயோடினும், கட்டி தட்டாமல் இருக்கச் சேர்ப்பவையும் உண்டு. இந்த யந்திரத்துக்கென்றே பரல் பரலாக, வேறு கலப்பில்லாத உப்பு விற்கிறார்கள். அடித்தட்டில் உள்ள திருகு மூடியைத் திறந்து, முதல் தடவை மட்டும் தண்ணீர் நிரப்பி, புனல் வைத்து உப்பைக் கொட்ட வேண்டும். சிந்தியதைத் துடைத்துவிட்டு உடனே யந்திரத்தை ஓட விடுங்கள். உப்புத் தங்கினால் எவர்சில்வரையும் அரிக்கும். அதற்குப் பிறகு சிட்ரிக் ஆஸிட் போட்டு, காலி யந்திரத்தை வெந்நீரில் ஒரு தடவை ஓட்டினோம். உள்சுவரில் படிந்திருந்த சுண்ணாம்பும் போயிற்று.

மறுநாள் டம்ளர்கள் வெள்ளை இல்லாமல் வந்தன. அத்தை ஒவ்வொன்றையும் மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "எந்த மகராசன் இதைக் கண்டுபிடிச்சான்?" என்றாள்.

மகராசன் இல்லை, மகராசி! அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தைச் சேர்ந்த ஜோஸபின் காக்ரேன் என்ற அம்மாள். 1886-ம் வருஷம் டிசம்பர் 28-ந் தேதி இதற்குக் காப்புரிமை பெற்றாள். அதற்கு முன்னால் தேய்ப்பதற்குப் பிரஷ் வைத்து யந்திரம் செய்து பார்த்தவர்கள் உண்டு. இந்த அம்மாள் தட்டுக்கும் கோப்பைக்கும் அளவெடுத்துக் கம்பிக் கூடைகள் செய்து, அவற்றின் மேல் சோப்புத் தண்ணீரை வேகமாக அடிக்கும்படி அமைத்தாள். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அதற்கு ஏகப் பிரசித்தி. ஓட்டல்காரர்கள் வாங்கினார்கள். வீடுகளில் அவ்வளவு வெந்நீருக்கு அப்போது வழியில்லை. அதனால் வீட்டுக்குள் நுழைய அது வெகு காலம் காத்திருந்தது.

அந்த அம்மாளின் யுக்திதான் இன்றைக்கும். இந்த யந்திரம் 'தேய்ப்பதே' இல்லை, சுடுதண்ணீரை வீசி அடிக்கிறது. தண்ணீர் போகாத இடம் சுத்தமாகாது. அத்தையோ பரண் மேல் அடுக்குகிற மாதிரி கிண்ணத்துக்குள் கிண்ணமாகச் செருகியிருந்தாள். கீழ்ப் பக்கம் பார்த்து, ஒன்றுக்கொன்று ஒட்டாமல், சற்றுச் சாய்வாக வைக்க வேண்டும். வாய் குறுகிய சொம்பை யந்திரத்திடம் கொடுத்துப் பயனில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மேல் தட்டு டம்ளர்களில் பருக்கை ஒட்டுவது நிற்கவில்லை. மின்சாரப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடியில் உள்ள வடிகட்டியைத் திருகி எடுத்தோம். கறிவேப்பிலைக் காம்பு, தேங்காய்த் துருவல், புளிச் சக்கை, எல்லாவற்றையும் சுற்றி ஒரு பிசுக்கு. ஒரே தண்ணீரைத்தான் யந்திரம் வடிகட்டி வடிகட்டித் திரும்ப வீசுகிறது. வடிகட்டி அடைத்தால் கழுவிய அழுக்கே பாத்திரத்தின் தலையில் அபிஷேகம்! பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ ஐந்து நிமிஷம் போதும். வாரம் ஒரு தடவை செய்தால் நல்லது.

அடுத்தது சுழலும் கைகள். மேலும் கீழுமாக இரண்டு கைகள், உடம்பெல்லாம் துவாரம். அவற்றைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம். என்னவென்று நினைக்கிறீர்கள்? கடுகு! தாளிதத்தின் கடுகு வடிகட்டிக்குத் தப்பி, துவாரங்களில் கச்சிதமாகப் போய் அடைத்துக்கொண்டிருந்தது. கடுகின் காரம் தெரியும். அதன் பருமனை அன்றுதான் கவனித்தேன். பழுது பார்க்க வந்தவர் கண்ட 'வேகம் போன மோட்டார்' இதுதான். குத்தூசியால் எடுத்துக் குழாயில் பிடித்துக் கழுவி மாட்டினோம். கை சுழல்கிறதா என்று பார்க்க ஒரு வழி: அது நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு யந்திரத்தை ஓட விடுங்கள். சில நிமிஷம் கழித்து நிறுத்தி, சுடுதண்ணீர் மேலே தெறிக்காமல் மெதுவாகத் திறந்து பாருங்கள். அதே இடத்தில் நின்றால் ஏதோ ஒரு கரண்டிக் காம்பு தடுக்கிறது, அல்லது தண்ணீருக்கு வேகமில்லை.

வேகமில்லாததற்கு மாடித் தொட்டியும் காரணமாகலாம். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஒரு 'பார்' அழுத்தம். பல யந்திரங்கள் குறைந்தது அரை பார் கேட்கின்றன. அதாவது தொட்டி 5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். அத்தை வீட்டில் தொட்டி மொட்டை மாடிக்கு மேல் மேடையில் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. குழாய் நுனியில் உள்ள சல்லடையில் மணல் அடைத்திருந்தாலும் இதே கதிதான்.

எண்ணெய்ப் பிசுக்குப் போகாவிட்டால் வேறு விதமாகப் பார்க்க வேண்டும். ஓடி முடிந்த உடனே ஒரு எவர்சில்வர் தட்டைத் தொட்டுப் பாருங்கள். சுட வேண்டும். சில்லென்று இருந்தால் தண்ணீர் காயவில்லை; அதற்கு மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும், மின்சார சமாசாரத்தில் நாம் கை வைக்கக் கூடாது. சுட்டும் பிசுக்கு இருந்தால் 65, 70 டிகிரியில் ஓடும் கடாய்க்கான திட்டத்தைப் போடுங்கள்.

முன்னாலேயே தேய்த்து வைக்கிறாளே அத்தை, அதை நிறுத்தத்தான் எனக்குப் பெரும்பாடு. மிச்சம் மீதியை வழித்துப் போட்டால் போதும். இந்தத் தூளிலும் மாத்திரையிலும் கஞ்சிப் பசையைத் தின்கிற நொதி, பருப்புப் புரதத்தைத் தின்கிற நொதி என்று தனித்தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். இட்லித் தட்டில் காய்ந்த மாவை மட்டும் சற்று ஊறவிடலாம். சாதாரணப் பாத்திரச் சோப்பை உள்ளே விட்டால் நுரை பொங்கி யந்திரம் திணறிவிடும். இரும்புத் தோசைக்கல், ஈயச் சொம்பு, பித்தளை, மண்சட்டி இவற்றுக்கு உள்ளே அனுமதி இல்லை. அலுமினியம் கறுத்துப் போகும்.

தூளே குற்றவாளியாவதும் உண்டு. 2010-ல் அமெரிக்காவில் 16 மாகாணங்கள், ஆறு ஏரிகளில் பாசி பெருகுகிறது என்று இந்தத் தூளில் பாஸ்பேட்டுக்குக் கட்டுப்பாடு விதித்தன. தயாரிப்பாளர்கள் தூளை மாற்றினார்கள். உடனே பாத்திரத்தில் வெள்ளை படிகிறது என்று வீட்டுக்கு வீடு புகார்! சுண்ணாம்பைக் கட்டி வைத்தது பாஸ்பேட்தான் என்பது அது போன பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. ஐரோப்பாவிலும் 2017 ஜனவரியிலிருந்து கட்டுப்பாடு வந்துவிட்டது.

அத்தை முன்தேய்ப்பை விட்டு மூன்று வாரமாகிறது. விரல் வெடிப்பு மூடிக்கொண்டு வருகிறதாம், போனில் சொன்னாள். சொல்லிவிட்டு, கொல்லை வாழைக்கு யந்திரத் தண்ணீரை விடலாமா என்று கேட்டாள். அடுக்களைத் தண்ணீரை வாழைக்குப் பாய்ச்சியே பழகிய வீடு. அதில் நாம் போட்ட உப்பும் காரத் தூளும் கலந்திருக்கும், வாழைக்கு ஆகாது என்றேன். குழாயைச் சாக்கடைக்குத் திருப்பிவிட்டாள். வாழைக்கு இப்போது அரிசி களைந்த தண்ணீர் மட்டும்.